சைக்கிளில் போகிறவரை வண்டி ஓட்டுகிறவர் எப்படிப் பார்க்கிறார்? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

சைக்கிளில் வேலைக்குப் போகிறவர்கள், பிள்ளையைச் சைக்கிளில் பள்ளிக்கு அனுப்புகிறவர்கள், புதிதாகக் கார் ஓட்டக் கற்றவர்கள் என்று பலரும் என்னிடம் கேட்ட கேள்விகள் இவை. நான் சைக்கிளும் ஓட்டுகிறேன், காரும் ஓட்டுகிறேன். தாம்பரத்திலிருந்து செங்கல்பட்டு வரை போகும் ஜி.எஸ்.டி. (கிராண்ட் சதர்ன் டிரங்க்) சாலையும் அதிலிருந்து பிரியும் சாலைகளும் எனக்குப் பழக்கம் என்பதால் உதாரணங்கள் பெரும்பாலும் அங்கிருந்தே வரும். வெளிநாட்டில் இதை அளந்து பார்த்த ஆய்வுகள் சிலவற்றையும் சேர்த்திருக்கிறேன்.

பின்னால் வரும் வண்டி விடாமல் ஹாரன் அடிக்கிறதே, கோபமா?

பெரும்பாலும் கோபம் இல்லை. ‘நான் வருகிறேன்’ என்று சொல்ல ஹாரன் அடிப்பது நம் ஊர் வழக்கம். ஆனால் சைக்கிளுக்குப் பின்னால் அடிக்கும் ஹாரனில் இன்னொரு செய்தியும் இருக்கிறது: ‘நான் வேகத்தைக் குறைக்க மாட்டேன், நீ விலகிக்கொள்.’ அதே டிரைவர் ஒரு டிப்பர் லாரிக்குப் பின்னால் மாட்டிக்கொண்டால் கியரைக் குறைத்து, எதிரே வருவதைப் பார்த்து, இடம் கிடைத்த பிறகுதான் முந்துகிறார். சைக்கிளுக்காக அப்படிக் காத்திருப்பதில்லை. காத்திருந்தால் போவது ஐந்து பத்து விநாடிதான்.

பிரேக் மிதிக்க வேண்டிய இடத்தில் ஹாரன் அடிப்பதுதான் இதில் ஆபத்து. முதுகுக்குப் பின்னால் ஏர் ஹாரன் அலறினால் யாருக்கும் உடம்பு தூக்கிப் போடும். சைக்கிளில் உட்கார்ந்திருப்பவருக்கு அந்த அதிர்ச்சி கைக்கு வந்து, ஹேண்டில்பார் ஒரு சாண் ஆடிவிடும். முந்துகிற வண்டி ஒரு சாண் தள்ளி வந்துகொண்டிருந்தால் என்ன ஆகும் என்று சொல்லத் தேவையில்லை. பல சுரத்தில் ஒலிக்கும் ஹாரனும், காதைக் கிழிக்கும் ஹாரனும் மத்திய மோட்டார் வாகன விதிகளின் 119-ஆம் விதிப்படி தடை செய்யப்பட்டவை. அப்படியும் பல பஸ்களிலும் லாரிகளிலும் அவை ஒலித்துக்கொண்டுதான் இருக்கின்றன.

சாலையில் சைக்கிளுக்கு உரிமை இருக்கிறதா? வரி கட்டாத வண்டிதானே?

முழு உரிமை இருக்கிறது. விரைவுச்சாலைகளையும், பலகை வைத்துத் தடை செய்த இடங்களையும் தவிர எந்தச் சாலையிலும் சைக்கிள் போகலாம். மோட்டார் இல்லை என்பதால் லைசென்ஸ், பதிவு, இன்ஷூரன்ஸ் எதுவும் வேண்டியதில்லை.

வரி விஷயம் அடிக்கடி காதில் விழும் வாதம். ஊருக்குள் இருக்கும் சாலைகள் பெரும்பாலும் உள்ளாட்சியின் பணத்திலும் அரசின் பொது வருவாயிலும் போடப்படுபவை. சைக்கிளில் வேலைக்குப் போகும் வாட்ச்மேன் வாங்கும் சோப்பிலும் பிஸ்கட்டிலும் வரி இருக்கிறது. சாலை தேய்வதற்குக் காரணம் வண்டியின் எடை. 15 கிலோ சைக்கிளால் எந்தத் தார்ச்சாலையிலும் பள்ளம் விழாது. இன்னொன்று, ஒரு காலத்தில் இங்கே சைக்கிளுக்கும் வரி இருந்தது. வரி கட்டிய வில்லையைச் சைக்கிளில் மாட்டியிருந்தார்கள், விளக்கு இல்லாமல் போனாலும் டபுள்ஸ் போனாலும் போலீஸ் பிடித்தது. அன்றைக்கு அதையெல்லாம் கட்டினார்கள் என்பதற்காக ஜமீன்தார் காருக்கு முன்னால் சைக்கிளுக்கு மரியாதை கிடைத்துவிடவில்லை. மரியாதை வரியைப் பார்த்து வருவதில்லை.

தடை போடும் அரசுகளும் இருக்கின்றன. கொல்கத்தா போலீஸ் 2013-இல் நகரின் 174 சாலைகளில் சைக்கிளுக்குத் தடை போட்டது. பால்காரரும் பேப்பர் போடுகிறவரும்தான் அதில் அதிகம் பாதிக்கப்பட்டார்கள். போக்குவரத்து மெதுவாவதற்குச் சைக்கிள்தான் காரணம் என்று அதிகாரிகளே நினைக்கும்போது ஓட்டுநர் வேறு மாதிரி நினைக்க வேண்டும் என்று எதிர்பார்ப்பது கடினம்.

விபத்து நடந்ததும் ‘நான் பார்க்கவே இல்லை சார்’ என்கிறார்கள். அது பொய்யா?

பல நேரம் உண்மை. அதுதான் கவலை. பார்க்காமல் போவதற்குக் காரணங்கள் இருக்கின்றன, அவற்றைத் தெரிந்துகொண்டால் இரண்டு பக்கமும் தப்பிக்க வழி இருக்கிறது.

முதலாவது, கண்ணின் இயல்பு. தலையை வேகமாக ஒரு பக்கத்திலிருந்து இன்னொரு பக்கம் திருப்பும்போது கண் தொடர்ந்து படம் பிடிப்பதில்லை. விட்டுவிட்டுத்தான் பிடிக்கிறது. நடுவில் விடுபட்ட இடத்தை மூளை தானே நிரப்பிக்கொள்கிறது. லாரி அந்த இடைவெளிக்குள் அடங்காது, சைக்கிள் அடங்கிவிடும். சந்தியில் நின்று சட்டென்று இப்படியும் அப்படியும் பார்த்துவிட்டு எடுக்கும் கார்காரருக்குச் சாலை காலியாகத் தெரிவது இதனால்தான்.

இரண்டாவது, கார் கண்ணாடியின் ஓரத்தில் நிற்கும் தூண். முன்கண்ணாடிக்கும் கதவுக்கும் நடுவே இருக்கும் அந்தத் தூண் ஒரு முழுச் சைக்கிளையும் ஆளையும் மறைக்கும். காரும் சைக்கிளும் ஒரே சந்தியை நோக்கிச் சீராக வந்தால், மோதும் வரைக்கும்கூடச் சைக்கிள் தூணுக்குப் பின்னாலேயே மறைந்து வரலாம். கார் ஓட்டுகிறவர் உடம்பை முன்னும் பின்னும் கொஞ்சம் நகர்த்திப் பார்த்தால் தெரிந்துவிடும்.

மூன்றாவது, நம் ஊர் விஷயம். ஸ்டீயரிங் வலது பக்கம், சைக்கிள் போவது இடது ஓரம். அதாவது ஓட்டுநரின் கண்ணுக்கு மிகத் தள்ளி இருக்கும் பக்கம். இடது பக்கம் எவ்வளவு இடம் இருக்கிறது என்று கணிப்பதில் அனுபவம் உள்ளவர்களே தடுமாறுவார்கள். போதாக்குறைக்கு இடது பக்கக் கண்ணாடியை மடக்கி வைத்தபடியே ஓடும் கார்களை எந்தச் சிக்னலிலும் பார்க்கலாம். சந்தில் உரசிவிடும் என்று மடக்கியவர்கள் பிறகு விரிப்பதே இல்லை. லாரியிலும் பஸ்ஸிலும் முன் இடது மூலையை ஒட்டி நிற்கும் ஆளை ஓட்டுநர் சீட்டிலிருந்து பார்க்கவே முடியாது. சிக்னலில் அந்த மூலையில் போய் நிற்காதீர்கள். ஒன்று, பஸ்ஸுக்கு நன்றாக முன்னால் போய் ஓட்டுநர் கண்ணில் படுங்கள். இல்லையென்றால் பின்னாலேயே நின்றுவிடுங்கள்.

நான்காவது, எதிர்பார்ப்பு. ஹெல்சிங்கியில் சந்திகளில் படம் பிடித்து ஆராய்ந்து 1996-இல் வெளியிட்டார்கள். அங்கே வண்டிகள் வலது பக்கம் போகும். வலது பக்கம் திரும்பி மெயின் ரோட்டில் ஏறுகிறவர்கள் கார் வரக்கூடிய இடது பக்கத்தையே கவனித்தார்கள், வலப்பக்கமிருந்து வரும் சைக்கிளைப் பார்க்கத் தலையைத் திருப்பியது குறைவு. நம் ஊருக்கு இதை இடம் மாற்றிப் போட்டுக்கொள்ளுங்கள். கிளைச் சாலையிலிருந்து இடது பக்கம் திரும்புகிறவர் வலது பக்கம்தான் பார்ப்பார். அந்த நேரத்தில் ராங் சைடில் ஒரு சைக்கிள் வந்தால் அவர் கண்ணில் படவே படாது. யூ-டர்ன் ஒரு கிலோமீட்டர் தள்ளி இருப்பதால்தான் ராங் சைடில் வருகிறார்கள் என்பது எனக்குத் தெரியும். அந்த யூ-டர்னை அங்கே வைத்தவர்கள் மேல் எனக்குக் கோபமும் உண்டு. ஆனாலும் ராங் சைடில் வருகிறவர் கிளைச் சாலை வந்ததும் இறங்கித் தள்ளிக்கொண்டு போவது நல்லது.

விலை உயர்ந்த சைக்கிளுக்கு ஒரு மரியாதை, கேரியர் வைத்த சைக்கிளுக்கு ஒரு மரியாதையா?

ஆமாம். இந்தப் பக்கத்தை எழுத உட்கார்ந்ததே முக்கியமாக இதற்காகத்தான்.

ஞாயிற்றுக்கிழமை காலை ஆறு மணிக்கு ஈ.சி.ஆர். என்னும் கிழக்குக் கடற்கரைச் சாலையில் பளபளவென்று உடை, ஹெல்மெட், கண்ணாடி சகிதம் பத்துப் பேர் கூட்டமாகப் போவார்கள். கார்கள் ஒதுங்கிப் போகும், சிலர் கண்ணாடியை இறக்கிக் கையும் காட்டுவார்கள். அவர்களுக்கும் ஆபத்து உண்டு, இல்லை என்று சொல்லவில்லை. ஆனால் ‘இவர் விருப்பப்பட்டு ஓட்டுகிறார், வீட்டில் கார் இருக்கும்’ என்று பார்க்கிறவருக்குத் தோன்றிவிடுகிறது.

அன்றைக்கு ராத்திரி எட்டு மணிக்குத் தொழிற்சாலைகள் நிறைந்த ஒரகடம் பக்கம் போய்ப் பாருங்கள். ஷிஃப்ட் முடிந்து, கட்டட வேலை முடிந்து வருகிறவர்கள் ஒவ்வொருவராகச் சைக்கிளில் வருவார்கள். நம் ஊர்க்காரர்களும் உண்டு, ஒடிசாவிலிருந்தும் பீகாரிலிருந்தும் வந்த பையன்களும் உண்டு. ஹேண்டில்பாரில் டிபன் பாக்ஸ் பை தொங்கும், அது ஒவ்வொரு மிதிக்கும் முட்டியில் இடிக்கும். கேரியரில் சட்டை சுருட்டி வைத்திருக்கும். பின் மட்கார்டில் ரிஃப்ளெக்டர் உடைந்து, திருகாணி மட்டும் இருக்கும். வெள்ளைக் கோட்டுக்கு வெளியே மணலும் ஜல்லியும் கிடப்பதால் அவர் கோட்டின் மேலேயே சக்கரத்தை நிறுத்தி வருவார். பின்னால் கன்டெய்னர் லாரியின் வெளிச்சம் விழுந்ததும் தலையைத் திருப்பாமலே தோளைக் குறுக்கிக்கொண்டு மணலில் இறங்கிவிடுவார். லாரி போனதும் காலை ஊன்றி மறுபடியும் மேலே ஏற்றுவார். நூறு மீட்டருக்குள் இது இன்னொரு தடவை நடக்கும்.

அந்த இறங்குதலைத்தான் நான் பார்த்துக்கொண்டே இருந்திருக்கிறேன். யாரும் அவரைத் திட்டவில்லை, ஹாரன்கூட அடிக்கவில்லை. இறங்க வேண்டியவர் தான்தான் என்று அவருக்கும் தெரிந்திருக்கிறது, அவர் இறங்கிவிடுவார் என்று லாரிக்காரருக்கும் தெரிந்திருக்கிறது. கார் நிறுத்தி ‘யோவ் பெருசு, ஓரமாப் போக மாட்ட?’ என்று கேட்கிறவர் அதே வயதுடைய ஆள் ஸ்கூட்டரில் வந்தால் ‘சார், கொஞ்சம் பாத்து’ என்கிறார். அறுபது வயதுக்காரரை ஒருமையில் கூப்பிட வைப்பது அவர் உட்கார்ந்திருக்கும் வண்டி. நம் சமூகத்தில் வேறு எத்தனையோ இடங்களில் இருக்கும் மேல் கீழ் அளவுகோல்தான் சாலையிலும் வேலை செய்கிறது.

2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில், விவசாயம் அல்லாத வேலைக்குப் போகிறவர்களில் நாடு முழுவதும் சுமார் 13 சதவீதம் பேர் சைக்கிளில் போனார்கள். மோட்டார் பைக்கில் போனவர்களும் ஏறக்குறைய அதே அளவுதான். இத்தனை பேர் போகும் வண்டியை ‘ஏதோ ஓரத்தில் போகிறது’ என்று நினைத்துத்தான் சாலை போடுகிறார்கள், ஓட்டவும் செய்கிறார்கள்.

சைக்கிளில் போகிறவரை மனிதராகவே பார்ப்பதில்லை என்று ஆய்வு சொல்கிறதாமே?

ஆஸ்திரேலியாவில் 2019-இல் வெளியான ஆய்வு அது. 442 பேரிடம் ஒரு படத்தைக் கொடுத்தார்கள். சிலருக்குக் குரங்கிலிருந்து மனிதன் வரைக்குமான படம், சிலருக்குக் கரப்பான்பூச்சியிலிருந்து மனிதன் வரைக்குமான படம். சைக்கிள் ஓட்டுகிறவரை இதில் எந்த இடத்தில் வைப்பீர்கள் என்று கேட்டார்கள். சைக்கிள் ஓட்டாதவர்களில் 55 சதவீதம் பேர் முழு மனிதருக்குக் கீழேதான் வைத்தார்கள். சைக்கிள் ஓட்டுகிறவர்களிலேயே 30 சதவீதம் பேர் அப்படி வைத்தார்கள் என்பதுதான் என்னை அதிகம் தொந்தரவு செய்தது. கேட்கப்பட்டவர்களில் 17 சதவீதம் பேர் வேண்டுமென்றே வண்டியைக் குறுக்கே விட்டுச் சைக்கிளை மறித்திருப்பதாகவும், 11 சதவீதம் பேர் வேண்டுமென்றே ஒட்டி ஓட்டியிருப்பதாகவும் ஒப்புக்கொண்டார்கள். கீழே வைத்தவர்களிடம்தான் இப்படிப்பட்ட நடத்தையும் அதிகமாக இருந்தது.

அங்கே சைக்கிள் ஓட்டுகிறவர்களில் பலர் வசதியானவர்கள், அங்கே இருக்கும் எரிச்சல் வேறு வகை. இங்கே அதோடு வர்க்கமும் சேர்ந்துகொள்கிறது. ஆனால் இரண்டு இடத்திலும் நடப்பது ஒன்றுதான்: முதுகு மட்டும் தெரிகிறது, முகம் தெரியவில்லை. முந்துகிறவர் பார்ப்பது வழியில் நிற்கும் ஒரு பொருளை.

இதற்கு எளிதான ஒரு மாற்று இருக்கிறது. திரும்புவதற்கு முன்னாலும் லேன் மாறும் முன்னாலும் கையைக் காட்டி, கழுத்தைத் திருப்பிப் பின்னால் வருகிறவரின் முகத்தைப் பாருங்கள். கண் பட்டுவிட்டால் பெரும்பாலானவர்கள் வேகத்தைக் குறைக்கிறார்கள். எனக்கு இது எல்லா வகை வண்டிக்காரரிடமும் பலித்திருக்கிறது, தண்ணி லாரிக்காரர் உட்பட.

ஹெல்மெட் போட்டால் இன்னும் நெருங்கி வருவார்களா?

இங்கிலாந்தில் பாத் பல்கலைக்கழகத்தின் இயன் வாக்கர் என்ற உளவியலாளர் 2006-இல் தன் சைக்கிளில் தூரம் அளக்கும் கருவியைப் பொருத்தி ஓட்டிப் பார்த்தார். 2,300-க்கும் மேற்பட்ட வண்டிகள் முந்தியதை அளந்ததில், ஹெல்மெட் போட்டிருந்தபோது சராசரியாக 8.5 சென்டிமீட்டர் நெருங்கி முந்தினார்கள். நீளமான சவுரி முடி வைத்துக்கொண்டு பின்னாலிருந்து பெண் போலத் தெரிந்தபோது அதிக இடம் விட்டார்கள். ‘இவருக்குப் பழக்கம் இருக்கிறது, ஆட மாட்டார்’ என்று ஹெல்மெட்டைப் பார்த்து ஓட்டுநர் முடிவு செய்கிறார் என்பது அவர் தரும் விளக்கம். அந்தக் கணக்கைப் பிறகு மற்ற ஆய்வாளர்கள் கேள்வி கேட்டிருக்கிறார்கள், விவாதம் தீரவில்லை.

இதை வைத்து ஹெல்மெட் வேண்டாம் என்று முடிவு செய்யாதீர்கள். கீழே விழும்போது தலையைக் காப்பது அதுதான். சைக்கிளுக்கு நம் நாட்டில் ஹெல்மெட் கட்டாயம் இல்லை. முடிந்தவர்கள் போடுங்கள். ஆனால் 300 ரூபாய் கூலியில் சேமித்துப் பழைய சைக்கிள் வாங்கியவரிடம் ‘ஹெல்மெட் போட்டிருக்கலாமே’ என்று விபத்துக்குப் பிறகு கேட்பதை நிறுத்த வேண்டும்.

முந்தும்போது எவ்வளவு இடைவெளி விட வேண்டும்?

ஒன்றரை மீட்டர். ஜெர்மனி 2020 முதல் ஊருக்குள் 1.5 மீட்டர், ஊருக்கு வெளியே 2 மீட்டர் என்று சட்டமாகவே வைத்திருக்கிறது. இங்கிலாந்தின் சாலை விதிநூலிலும் 2022 முதல் குறைந்தது 1.5 மீட்டர் என்று எழுதியிருக்கிறது. நம் நாட்டுச் சட்டத்தில் இப்படிச் சென்டிமீட்டர் கணக்கு இல்லை, பாதுகாப்பாக முந்த வேண்டும் என்பதுதான். அதனால் என்ன, அளவை நாமே வைத்துக்கொள்ளலாம். ஒரு ஆள் கையை நன்றாக நீட்டி, சைக்கிளோடு சேர்ந்து உங்கள் பக்கம் விழுந்தாலும் வண்டியில் படாத தூரம். அவ்வளவு இடம் இல்லையென்றால் முந்தக் கூடாது, பின்னால் வர வேண்டும்.

பஸ், லாரி ஓட்டுகிறவர்களுக்குக் கூடுதலாக ஒன்று: பெரிய வண்டி வேகமாகக் கடக்கும்போது முதலில் காற்று சைக்கிளை வெளியே தள்ளும், அடுத்த நொடியில் உள்ளே இழுக்கும். வண்டியின் பின்பாதி கடக்கும்போதுதான் சைக்கிள் தள்ளாடும். முன்பாதி கடந்ததும் இடது பக்கம் ஒடித்தால் பின்சக்கரத்துக்கு நேராக ஆள் இருப்பார்.

வேகத்தைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். 30 கிலோமீட்டர் வேகத்தில் இருக்கும் வண்டியைவிட 60-இல் வரும் வண்டிக்கு மோதும் ஆற்றல் நான்கு மடங்கு. வேகத்தைப் பாதியாக்கினால் அடி நான்கில் ஒரு பங்காகக் குறைகிறது. இது சைக்கிள்காரர் எவ்வளவு கவனமாக ஓட்டினாலும் மாற்ற முடியாத கணக்கு.

சைக்கிளில் போகிறவர் ஓரத்தை ஒட்டியே போவதுதானே பாதுகாப்பு?

இல்லை. ஓரத்தை ஒட்டிப் போனால் மணல், உடைந்த கண்ணாடி, கம்பிக்கு நடுவே சக்கரம் சிக்கும் மழைநீர் வடிகால் மூடி எல்லாம் அங்கேதான். திடீரென்று ஒதுங்க நேர்ந்தால் ஒதுங்குவதற்கு வலது பக்கம் மட்டுமே இருக்கும், அங்கே வண்டி வந்துகொண்டிருக்கும். நிறுத்தியிருக்கும் காரின் கதவு திறந்தால் முகத்தில் படும். இன்னொன்று, மிக ஓரமாகப் போனால் ‘இடம் இருக்கிறதே’ என்று அதே லேனில் நுழைத்து முந்துவார்கள்.

ஊருக்குள், ஓரத்திலிருந்து முக்கால் மீட்டர் முதல் ஒரு மீட்டர் தள்ளி நேராகப் போங்கள். நிறுத்திய கார்களைக் கதவு திறக்கும் அகலத்துக்குத் தள்ளியே கடந்து போங்கள். இரண்டு கார்களுக்கு நடுவே காலி இடம் வந்ததும் உள்ளே நுழைந்து மறுபடி வெளியே வராதீர்கள். அப்படி வெளியே வரும் நொடியில்தான் பின்னால் வருகிறவர் திணறுவார். நெடுஞ்சாலையில் அகலமான, சுத்தமான ஓரம் இருந்தால் அதைப் பயன்படுத்துங்கள். அங்கே வேகம் அதிகம், உரிமையை நிலைநாட்டும் இடம் அது இல்லை.

யார் அதிகம் தொந்தரவு, பஸ்ஸா, ஆட்டோவா, பைக்கா?

ஒரு வகைக்கு மட்டும் பழி போட முடியாது. பஸ் ஓட்டுநருக்குத் தலைக்கு மேல் நேரக் கணக்கு இருக்கிறது. ஸ்டாப்புக்கு முன்னால் சைக்கிளை முந்தி, உடனே இடது பக்கம் ஒடித்து நிறுத்துவார். சைக்கிள்காரர் பிரேக் பிடித்து நிற்க வேண்டும், அல்லது பஸ்ஸைச் சுற்றி நடுரோட்டுக்குப் போக வேண்டும். முந்தாமல் பின்னாலேயே வந்து நிறுத்தினால் அவருக்குப் போகும் நேரம் மிகக் கொஞ்சம். ஆட்டோ ஆள் கை காட்டிய இடத்தில் நிற்கும். பைக்குகள் மோதினால் அடி சின்னதாக இருக்கலாம், ஆனால் இடது பக்கமாக நுழைந்து முந்துவதும் எதிரே ராங் சைடில் வருவதும் அவர்கள்தான் அதிகம். காரில் ஆபத்து வேறு: ஏ.சி., பாட்டு, ஃபோன். வெளியுலகம் ஒரு படம் போல ஓடிக்கொண்டிருக்கும்.

எண்ணிக்கையைப் பார்த்தால், மத்திய சாலைப் போக்குவரத்து அமைச்சகத்தின் 2022 அறிக்கைப்படி அந்த வருடம் நாட்டில் சாலை விபத்தில் இறந்தவர்கள் 1,68,491 பேர். அதில் சைக்கிளில் போனவர்கள் சுமார் 4,800 பேர். ஒரு நாளைக்குப் பதின்மூன்று பேர்.

பெண்களுக்கும் பள்ளிப் பிள்ளைகளுக்கும் இடம் விடுகிறார்களா?

சீருடையைப் பார்த்தால் வேகம் குறைக்கும் ஓட்டுநர்கள் நிறையப் பேர் உண்டு, அதைச் சொல்லாமல் விடக் கூடாது. தொல்லை வேறு விதமாக வருகிறது. பைக்கில் பக்கத்திலேயே உரசி வருவது, பேச்சுக் கொடுப்பது, பயமுறுத்தி ரசிப்பது. இதில் போக்குவரத்து விதி மட்டும் இல்லை, போலீஸில் புகார் செய்யக்கூடிய குற்றமும் இருக்கிறது.

புதுக்கோட்டையில் 1990-களின் தொடக்கத்தில் எழுத்தறிவு தந்த அறிவொளி இயக்கத்தோடு சேர்ந்து ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட கிராமத்துப் பெண்கள் சைக்கிள் கற்றார்கள். கிண்டலும் கேலியும் இருந்தது, கூட்டமாக இறங்கியதும் அடங்கியது. 2001-இல் தாழ்த்தப்பட்ட, பழங்குடி மாணவிகளுக்காகத் தொடங்கிய இலவச சைக்கிள் திட்டம் பின்னர் அரசுப் பள்ளி, அரசு உதவி பெறும் பள்ளிகளில் பிளஸ் ஒன் படிக்கும் எல்லோருக்கும் என்று விரிந்தது. வருடத்துக்கு லட்சக்கணக்கான சைக்கிள்கள். இத்தனை சைக்கிளைக் கொடுத்த அரசு, அந்தப் பிள்ளைகள் நெடுஞ்சாலையைக் கடக்கும் இடத்தில் ஒரு வேகத்தடையோ சிக்னலோ வைத்ததா என்று நான் ஒவ்வொரு ஊரிலும் பார்க்கிறேன். பல இடத்தில் பிள்ளைகள் சைக்கிளை விட்டு இறங்கி, மீடியன் இடைவெளியில் கூட்டமாகத் தள்ளிக்கொண்டு நிற்கிறார்கள். யாராவது ஒரு லாரிக்காரர் நிறுத்திக் கை காட்டினால்தான் கடக்க முடிகிறது.

சைக்கிளில் போகிறவர்களும்தான் விதியை மீறுகிறார்களே?

மீறுகிறார்கள். சிக்னலில் நிற்காமல் போவது, ராங் சைடு, கை காட்டாமல் திரும்புவது எல்லாம் உண்டு. மேலே சொன்ன காரணங்களால் அது அவர்களுக்கே ஆபத்து. ஆனால் ஒருவர் பைக்கில் சிக்னல் தாண்டினால் அந்த ஒருவரைத் திட்டுகிறோம். சைக்கிளில் தாண்டினால் ‘இந்த சைக்கிள்காரங்களே இப்படித்தான்’ என்கிறோம். தப்புக்குத் தண்டனை அபராதமாக இருக்கட்டும், உயிராக இருக்க வேண்டாம்.

நிறையப் பேர் சைக்கிள் ஓட்டினால் ஓட்டுநர்கள் மாறுவார்களா?

மாறுகிறார்கள் என்பதற்கு ஆதாரம் இருக்கிறது. அமெரிக்காவின் பீட்டர் ஜேக்கப்சன் 2003-இல் பல நகரங்களின் கணக்கை ஒப்பிட்டுப் பார்த்தபோது, சைக்கிள் ஓட்டுகிறவர்கள் இரட்டிப்பாகும் இடத்தில் ஒவ்வொருவருக்கும் உள்ள ஆபத்து சுமார் மூன்றில் ஒரு பங்கு குறைவதைக் கண்டார். அடிக்கடி பார்ப்பதைக் கண் எதிர்பார்க்கிறது.

ஆனால் எண்ணிக்கை மட்டும் போதாது. நெதர்லாந்தைச் சைக்கிள் நாடு என்கிறோம். அங்கே 1971-இல் சாலையில் 3,300 பேர் இறந்தார்கள், அதில் 400-க்கும் மேற்பட்டவர்கள் குழந்தைகள். பெற்றோர் தெருவில் இறங்கிப் போராடினார்கள். தனிப்பாதையும் தெருக்களில் வேகக்கட்டுப்பாடும் அதற்குப் பிறகு வந்தவை. இன்றைக்கு அங்கே கார் ஒரு சைக்கிள் மேல் மோதினால், 14 வயதுக்குக் கீழ் உள்ள பிள்ளைக்கு ஏறக்குறைய எப்போதும் கார் பக்கம்தான் முழு நஷ்டஈடு தர வேண்டும். பெரியவர் என்றால், தவிர்க்கவே முடியாத சூழல் என்று ஓட்டுநர் நிரூபிக்காதவரை, குறைந்தது பாதி. அதிக எடையுள்ள வண்டிக்கு அதிகப் பொறுப்பு.

சென்னையில் இதற்குத் திட்டம் எதுவும் இல்லையா?

இருக்கிறது. 2014-இல் சென்னை மாநகராட்சி நடப்பவர்களுக்கும் சைக்கிளுக்குமான கொள்கையை ஏற்றது, போக்குவரத்துக்கான பணத்தில் குறைந்தது 60 சதவீதம் இதற்கு என்றும் எழுதியது. நல்ல நடைபாதைகள் சில இடங்களில் வந்தன. சைக்கிளுக்குப் பெயிண்ட் அடித்துக் கோடு போட்ட இடங்களில் மறுநாளே காரும் பைக்கும் நிறுத்துகிறார்கள். கல்லோ கம்பமோ வைத்துப் பிரிக்காத கோட்டால் ஓட்டுநர் மாறமாட்டார்.

நான் கார் ஓட்டுகிறேன். இன்றைக்கே செய்யக்கூடியது என்ன?

இடது கண்ணாடியை விரித்து வையுங்கள். கதவை இடது கையால் திறங்கள், அதாவது வலது பக்கம் உட்கார்ந்திருக்கும் நீங்கள் கதவுக்குத் தள்ளி இருக்கும் கையால். உடம்பு தானாகத் திரும்பும், பின்னால் வருவது தெரியும். இடது பக்கம் உட்கார்ந்திருப்பவர் வலது கையால் திறக்க வேண்டும். பிள்ளைகளுக்கு இதைச் சின்ன வயதிலேயே பழக்கிவிடுங்கள். இடது பக்கம் திரும்பப் போகிறீர்கள், முன்னால் சைக்கிள் போகிறது என்றால் முந்தாதீர்கள், அவர் சந்தியைத் தாண்டட்டும். எதிரே சைக்கிள் வரும்போது ஹை பீமை இறக்குங்கள். எதிரே கார் வந்தால் இறக்குகிறவர்கள் சைக்கிளுக்கு இறக்குவதில்லை. அந்த வெளிச்சத்தில் அவருக்கு முன்சக்கரத்தின் கீழே இருக்கும் பள்ளம் தெரியாது.

இரவில் சைக்கிளில் போகிறவர் என்ன செய்யலாம்?

பின்னால் சிவப்பு ரிஃப்ளெக்டர், மிதியின் இரண்டு பக்கமும் மஞ்சள் ரிஃப்ளெக்டர். மேலும் கீழும் ஆடும் மிதி ரிஃப்ளெக்டரை ஓட்டுநர் தூரத்திலேயே ‘சைக்கிள்’ என்று கண்டுகொள்வார். பேட்டரி விளக்கு நூறு இருநூறு ரூபாய்க்குள் கிடைக்கிறது. தொழிற்சாலைகளும் கட்டட ஒப்பந்தக்காரர்களும் ஹெல்மெட், ஷூ கொடுப்பது போல இதையும் கொடுத்தால் பெரிய செலவு இல்லை. வேலைக்கு வந்து போகும் வழியும் வேலையோடு சேர்ந்ததுதானே.

சைக்கிளில் போகிறவரை வண்டி மோதிவிட்டால் என்ன செய்வது?

முதலில் 108. உதவி செய்தால் போலீஸ், கோர்ட் என்று அலைய வேண்டும் என்ற பயம் வேண்டாம். மோட்டார் வாகனச் சட்டத்தின் 134ஏ பிரிவு உதவுகிறவரைப் பாதுகாக்கிறது, பெயரைச் சொல்லும்படிக் கட்டாயப்படுத்தவும் முடியாது. தமிழ்நாட்டில் ‘இன்னுயிர் காப்போம் – நம்மைக் காக்கும் 48’ திட்டத்தில் சேர்ந்துள்ள ஆஸ்பத்திரிகளில் முதல் 48 மணி நேரச் சிகிச்சை இலவசம், அடிபட்டவர் எந்த மாநிலத்துக்காரராக இருந்தாலும்.

வண்டி நம்பரை ஃபோட்டோ எடுங்கள். உடைந்த சைக்கிள் கிடக்கும் இடத்தையும் எடுங்கள், ஓரமாகத்தான் போனார் என்பதற்கு அதுவே சாட்சி. ஆஸ்பத்திரியில் ஏ.ஆர். (விபத்துப் பதிவேடு) காப்பி, ஸ்டேஷனில் எஃப்.ஐ.ஆர். காப்பி இரண்டையும் வாங்கி வையுங்கள். அங்கேயே இரண்டாயிரம் மூவாயிரம் கொடுத்து ‘பேசி முடிச்சுக்கலாம்’ என்பார்கள். கை எலும்பு முறிந்த கூலித் தொழிலாளி மூன்று மாதம் வேலைக்குப் போக முடியாது, அந்தப் பணம் முதல் வாரத்திலேயே கரைந்துவிடும்.

சைக்கிளுக்கு இன்ஷூரன்ஸ் இல்லையே என்று பலர் விட்டுவிடுகிறார்கள். நஷ்டஈடு தர வேண்டியது மோதிய வண்டியின் மூன்றாம் நபர் இன்ஷூரன்ஸ். மோட்டார் வாகன விபத்து இழப்பீட்டுத் தீர்ப்பாயத்தில் வழக்குப் போடலாம். 2022 ஏப்ரல் முதல் 6 மாதத்துக்குள் போட வேண்டும் என்று கெடு வந்திருப்பதால் தள்ளிப்போடாதீர்கள். மோதிவிட்டு நிற்காமல் போன வண்டி எது என்று தெரியவில்லையா? அப்போதும் இறந்தவர் குடும்பத்துக்கு 2 லட்சம், பலத்த காயத்துக்கு 50 ஆயிரம் ரூபாய் அரசுத் திட்டத்தில் கிடைக்கும். மனுவைத் தாசில்தாரிடமோ கோட்டாட்சியரிடமோ கொடுக்க வேண்டும். வக்கீல் வைக்க முடியாதவர்களுக்கு ஒவ்வொரு மாவட்ட நீதிமன்ற வளாகத்திலும் இருக்கும் சட்டப் பணிகள் ஆணைக்குழுவில் இலவச உதவி உண்டு.